தலையில் அரிசியோடு வந்தவள்

காட்டுப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் குறுணை என்ற எறும்பு முதலிடம் வாங்கிவிட்டாள். சுமை தூக்கிக்கொண்டே பாடத்தை முணுமுணுத்துப் படித்தவள் அவள். படிப்பு, விடுதி, மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் இலவசம் என்று உதவித்தொகைக் கடிதம் வந்தது. அவள் எடுத்தது வானிலைப் படிப்பு. வருஷா வருஷம் மழை புற்றுக்குள் புகுந்து பாதி முட்டைகளை அடித்துக்கொண்டு போகும். கால் நனைந்த பிறகுதான் எறும்புகளுக்கு விஷயமே தெரியும்.

"இலவசச் சாப்பாடாம்! அதை நம்பிப் போய்ப் பட்டினி கிடக்காதேடி," என்றாள் அக்கா. அதனால் குறுணை முதல் நாள் வகுப்புக்குத் தலையில் ஓர் அரிசியோடு போய் நின்றாள்.

பேராசிரியர் தட்டான் அவளைப் பார்த்துக் கேட்டார். "மேலே என்னம்மா தெரியுது?"

"அரிசிங்க ஐயா."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. தட்டான் மட்டும் சிரிக்கவில்லை.

"அதை இறக்கி வைம்மா. மத்தியானம் விடுதியிலே சாம்பார் சாதம். இனிமே உன் சாப்பாடு எங்க பொறுப்பு."

குறுணை அரிசியை இறக்கி வைத்தாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அண்ணாந்து பார்த்தாள். அம்மாடி, எவ்வளவு பெரிய வானம்! அதன் ஓரத்தில் கறுப்பாக ஏதோ திரண்டு வந்தது.

"ஐயா, அது மழை மேகம்தானே? வீடு வரைக்கும் போயிட்டு வந்துடட்டுமா?"

"ஓடு!" என்றார் தட்டான்.

சாயங்காலம் மழை கொட்டித் தீர்த்தபோது புற்றில் ஒரு முட்டைகூட இல்லை. மேட்டுப் பாறையின் அடியில் முட்டைகளை இறக்கி வைத்துவிட்டு, எறும்புக் கூட்டம் மொத்தமும் வாயைப் பிளந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தது.