மூச்சுக்கு முந்நூறு திட்டு

"சோம்பேறிங்க நீங்க! தூங்குமூஞ்சி! உங்களைக் கட்டிக்கிட்டு நான் என்னத்தைக் கண்டேன்?"

கண்ணாடிச் சுவரில் மோதி, ஜிம் முழுக்கக் கேட்டது அந்தக் குரல். ஓடிக்கொண்டே பாட்டுக் கேட்ட இரண்டு பேர், காதில் செருகியிருந்ததைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாஸ்டர் பல்லைக் கடித்தார். இது அவருடைய ஜிம். 'வாயை மூடு, மூச்சைப் பிடி, தூக்கு' என்று சுவரில் கொட்டை எழுத்தில் அவரே எழுதி வைத்திருந்தார். இந்த அம்மாள் மட்டும்தான் அதை மதிப்பதில்லை.

அறுபதைத் தாண்டிய அம்மாள். பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் டம்பெல்லைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டிருந்தார். கணவர் பக்கத்தில் துண்டும் தண்ணீர் பாட்டிலுமாக நின்று, மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வேலையாவது உருப்படியா செஞ்சிருக்கீங்களா? தண்டச்சோறு! நீங்க ஒரு... ஒரு..."

அம்மாளின் குரல் சட்டென்று நின்றது. டம்பெல் பாதி உயரத்தில் நடுங்கியது.

"சொல்லு, சொல்லு! நிறுத்தாதே!" கணவர் பதறினார்.

"எருமைமாடுங்க நீங்க!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய அப்பாவும் இப்படித்தான். நாலு பேர் நடுவில் அம்மா வறுத்தெடுக்கும்போது, தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நிற்பார். சின்ன வயதில் தட்டிக் கேட்க முடியாதது இத்தனை வருஷமாக நெஞ்சில் கிடந்து புகைந்துகொண்டிருந்தது. விறுவிறுவென்று போனார்.

"கீழ வைங்கம்மா. போதும்."

வைத்தார். அத்தோடு திட்டும் நின்றது.

"நாளையிலேர்ந்து நீங்க இங்க வர வேண்டாம்."

அம்மாளின் முகம் வெளுத்தது. "அப்படிச் சொல்லாதீங்க தம்பி. பக்கத்துல வேற ஜிம் இல்ல. பஸ் ஏறிப் போக என்னால முடியாது."

"இவரைத் திட்டுறதுக்கு முன்னாடி அதை யோசிச்சிருக்கணும். மூச்சுக்கு முந்நூறு திட்டு! இவர் மனுஷனா, கால்மிதியா? ஐயா, நீங்களாவது ஒரு நாள் வாயைத் திறக்கக் கூடாதா? உங்களைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது!"

கணவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது.

"எனக்கும் கோபம்தான் மாஸ்டர். உங்க மேல!"

"என் மேலயா?"

"பின்னே? அந்தச் சுவத்துல எழுதியிருக்கறதைத்தானே முதல் நாள் இவளுக்குச் சொல்லிக் கொடுத்தீங்க? இவளுக்குக் கண்ணுல பிரஷர். ஒரு கண்ணுல ஓரப்பார்வையே போயாச்சு. மூச்சை அடக்கிக்கிட்டு வெயிட் தூக்கினா கண்ணுல அழுத்தம் இன்னும் ஏறும், தூக்கறப்போ மூச்சை வெளிய விடணும்னு கண் டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னார். எலும்பு டாக்டரோ எலும்பு தேயுது, வெயிட் தூக்கியே ஆகணும்கறார். நான் என்ன பண்ண? எண்ணிக்கிட்டே தூக்குன்னா, நாலு எண்ணிட்டு மிச்சத்தை மனசுக்குள்ள எண்ணறா, மூச்சு அடைச்சுக்குது. பாடச் சொன்னா வெட்கம். கத்தித் திட்டினாத்தான் இவளுக்கு மூச்சு ஒழுங்கா வெளிய வருது!"

மாஸ்டர் சுவரைப் பார்த்தார். பிறகு அம்மாளைப் பார்த்தார். "அதுக்காக... கட்டின புருஷனையே இப்படியா?"

அம்மாள் கணவர் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, மூடியைத் திருகியபடி தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்குத் திட்டவே தெரியாது தம்பி, தினமும் வர்ற வழியெல்லாம் இவர்தான் ஒண்ணொண்ணா சொல்லிக் கொடுத்துக் கூட்டிட்டு வர்றார். எருமைமாடு இன்னைக்குப் புதுசு, அதான் நடுவுல மறந்துடுச்சு."