கிராங்க் மாநாடு

“நீளமான கிராங்க்தான் மாமா போடணும். மிதிக்கு மிதி வேகம்!” என்றார் மாப்பிள்ளை.

முன்னறையில் நடந்தது அந்த மாநாடு. சாய்வு நாற்காலியில், மடியில் அட்டையும் வெள்ளைத்தாளுமாக, ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். எதிர் சோபாவில் மாப்பிள்ளை. ஜன்னலோர ஸ்டூலில் எழுத்தரின் தம்பி. கதவில் சாய்ந்தபடி, தேநீர்த் தட்டுடன் மருமகள்.

வீட்டுச் சைக்கிளில் பெடலைத் தாங்கும் கைகளை, அதாவது கிராங்கை, மாற்றியாக வேண்டும். இந்த முறையும் அளவு தப்பினால் முட்டி அவ்வளவுதான் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஓட்டும் பாணியையும் கால் அளவையும் எழுதி, சைக்கிள் கம்பெனிக்குக் கடிதம் போட வேண்டியதுதான். கடிதம் எழுதுவது தலைமை எழுத்தருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

“முதல்ல ஓட்டுற பாணி. சொல்லுங்க மாப்ள.”

“மேடு வந்தா எழுந்து நின்னு அழுத்தணும். உட்கார்ந்து மிதிக்கிறவன் எல்லாம் ஒரு ஆளா?”

“எழுந்தா காத்து தள்ளிடும் அண்ணே,” என்றார் தம்பி. “குனிஞ்சு, அம்பு மாதிரி போகணும்.”

“ரெண்டையும் எழுதிடறேன்.”

“மாமா, டாக்டர் சின்ன கிராங்க்தான்...” என்று ஆரம்பித்தாள் மருமகள்.

“நீ சும்மா இரும்மா. இது டெக்னிக்கல்.”

அடுத்து, கால் அளவு. தம்பி டேப்பை உருவினார். “யார் காலை அளக்கறது?”

“இதென்ன கேள்வி? இங்க நெட்டைக்கால் மாப்பிள்ளைக்குத்தானே! கம்மியா எழுதினா கம்பெனிக்காரன் நம்மளைப் பத்தி என்ன நினைப்பான்?”

மாப்பிள்ளை சுவரோடு விறைத்து நின்றார். “ஷூவைக் கழட்டட்டுமா?”

“இருக்கட்டும், இருக்கட்டும்.”

அளந்தார்கள். அந்தக் காலுக்குக் கிராங்க் நூற்று எழுபத்தைந்து மில்லிமீட்டர் என்று முடிவானது.

“அது இப்ப இருக்கறதை விட நீளம் மாமா!”

“பாத்தியா, உனக்கே புரிஞ்சிடுச்சு!”

மூவரும் சிரித்தார்கள். தலைமை எழுத்தர் கையெழுத்திட்டு, உறையை நாக்கால் நனைத்து ஒட்டி, ஓரங்களை நகத்தால் அழுத்தினார்.

“தெருமுனைப் பெட்டியில தபால் எடுக்க ஆள் வந்துடுவான். சைக்கிள்ல போனாத்தான் பிடிக்கலாம்.”

மாப்பிள்ளை ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தார். தம்பி ஜன்னல் கம்பிகளை ஆராய்ந்தார். தலைமை எழுத்தர் உறையைக் கதவுப் பக்கம் நீட்டினார்.

அந்த வீட்டில் சைக்கிள் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள், தேநீர்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கடிதத்தோடு, வீங்கிய முட்டியைப் பிடித்தபடி படியிறங்கினாள்.