முழுத் தெருவும் எங்களுது!

"எந்த மடையன் பண்ணின வேலை இது?"

இணைய சேவை நிறுவனத்தின் மேலாளர் போட்ட சத்தத்தில் கண்ணாடிக் கதவே அதிர்ந்தது. சுவர்த்திரை முழுக்கச் சிவப்பு. ஆஸ்பத்திரி, வங்கி என்று ஆளாளுக்குப் போனில் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எதிர் கம்பெனிக்காரர் சார்," என்றாள் பொறியாளர், தட்டுவதை நிறுத்தாமல். "இணைய முகவரிக்கெல்லாம் வீடு வீடா வழி சொல்லாம, தெருவுக்கே சேர்த்து ஒரே வழியா அறிவிக்கிறோம்ல? அந்தத் தெருவுல முக்கால்வாசிதான் அவங்களுது. மிச்சம் நம்மளுது. ஆனா 'முழுத் தெருவுக்கும் எங்க வழியா வாங்க'ன்னு உலகத்துக்கே சொல்லிட்டார். நமக்கு வரவேண்டியதெல்லாம் அங்கே போய்த் தொலையுது."

"இப்போ?"

"நாம பேட்டைக்கே சேர்த்துச் சொல்லியிருக்கோம். அவர் தெருவைச் சொல்றார். நான் நம்ம வீட்டை மட்டும் சொல்றேன். குறிப்பாச் சொல்ற வழிக்குத்தான் இணையத்துல மரியாதை."

என்டரைத் தட்டினாள். சிவப்பெல்லாம் ஒவ்வொன்றாகப் பச்சையானது. அறையே கைதட்டியது. மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை.

"ஜெயிச்சுட்டோம்! இருங்க, எல்லாக் கம்பெனிக்கும் மெயில் போடறேன், அவன் பேரோட. நாளைக்கு அவனுக்கு வேலை இருக்கக் கூடாது."

"வேண்டாம் சார். ஒரு போன் போட்டா திருத்திடுவார். பிள்ளைகுட்டிக்காரர்."

"உங்களுக்கென்ன அவன்மேல அவ்வளவு கரிசனம்? மாமனா, மச்சானா?"

மெயிலுக்கு முன்னால் அந்த ஆளையே நாலு வாங்கு வாங்க மேலாளருக்கு ஆசை. ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"முக்கால் தெருவை வெச்சுக்கிட்டு முழுத் தெருவுக்கும் சொந்தம் கொண்டாடுறியே, நீயெல்லாம் படிச்சவன்தானா?"

"தப்புதான் சார், இப்பவே திருத்திடறேன்." என்றார் எதிர் கம்பெனிக்காரர். "போன வருஷம் உங்க புதுக் கிளை திறந்த அன்னிக்கு உங்க பொறியாளர் மேடமும் இதே தப்பைத்தான் பண்ணினாங்க. வெளியே மூச்சு விடாம அவங்களுக்கு மட்டும் போன் பண்ணினேன். 'என் தப்புதான்'னு சொல்லி உடனே சரி பண்ணிட்டாங்க. நீங்களும் இந்த ஒரு தடவை..."

மேலாளர் அவள் பக்கம் திரும்பினார். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சிரிப்பு.

"ஓஹோ! கதை அப்படிப் போகுதா? கிளை திறந்த அன்னிக்கு..."

சட்டென்று ஸ்பீக்கரை அணைத்தார்.

கிளை திறந்த அன்று அவள் கல்யாண விடுப்பில் இருந்தாள். முதலாளியின் எதிரில் தன் கையாலேயே வழியை அறிவித்துப் பாராட்டு வாங்கியவர் மேலாளர்தான்.