பின்கேட்

மூணாவது நாய்க்குட்டியும் கறுப்புப் புள்ளியோட வெளிய வந்ததும், துண்டு பிடிச்சிருந்த அவ அதை ஏந்தித் துடைச்சா.

"ஜோடி ரெண்டும் தங்க நிறம். எப்படிடி இப்படிப் பொறக்கும்?" சித்தப்பாவுக்கு முகம் செத்துப்போச்சு. "ஜாதிக்குட்டின்னு ஊரெல்லாம் வாக்குக் குடுத்துட்டேனே."

ஜோடியில ஆண் நாய்க்கு இதய ஸ்கேன் எடுக்க டாக்டர் சொன்னப்போ, "தண்டச் செலவு"ன்னவர் அவர். அந்த நாய்க்குப் பொறந்த போன ஈத்துக் குட்டி ஒண்ணை அவதான் வளர்த்தா. எட்டே மாசத்துல இதயம் நின்னு அவ மடியிலயே செத்துச்சு. "நாய்தானே, விடு"ன்னார்.

சித்தப்பா கோணியை உதறினார். "இதுங்க விலைபோகாது. ஆத்துல விட்டுட்டு வரேன்."

அவரைப் பழிவாங்கத்தான், ரெண்டு மாசம் முன்ன பின்கேட்டைத் திறந்து, தெருமுனைப் புள்ளிநாயை பெட்டை நாய்கிட்ட அவளே உள்ள விட்டிருந்தா.

உள்ளங்கையில குட்டியோட இதயம் நல்லாவே அடிச்சுச்சு.

இப்ப அவ யாரைப் பழிவாங்கியிருக்கா?