எச்சில் சொன்ன சாட்சி

“சோளக்காட்டார்னு பட்டம் போட்டுக்கிட்டா எங்க பங்காளியாயிருவாகளா?”

குலசாமி கோயிலில் முதல் மரியாதை கேட்ட பாலவனத்தம் ஊர்க் குடும்பத்தார் மேல் கோட்டைச்சாமிக்குப் பொல்லாத கோபம்.

“டிஎன்ஏ டெஸ்ட்டு எடுத்துப் பாத்துருவோம்ப்பா” என்று தூண்டிவிட்டதே மகள் முருகலட்சுமிதான். இரண்டு வீட்டு ஆண்களும் எச்சில் கொடுத்தார்கள்.

இன்று ரிசல்ட் வந்தது. ஒட்டும் இல்லை, உறவும் இல்லை!

“செயிச்சுட்டோம்த்தா!” மீசையை முறுக்கினார் கோட்டைச்சாமி. “அவுக பங்காளியே இல்லைன்னு ஊருக்கே போன் போட்டுச் சொல்லிட்டேன்!”

“அப்ப அந்த வீட்டு மாரிக்கண்ணன் எனக்கு அண்ணன் முறை இல்லையாப்பா?”

“அவன் யாரோ, நீ யாரோ!”

முருகலட்சுமி துள்ளிக் குதித்தாள்.

“அப்பக் கல்யாணத்துக்கு நாள் பாருங்கப்பா. முறை இடிக்குதேன்னுதான் நாங்க ரெண்டு பேரும் இத்தன நாளா வாயத் தெறக்கல!”

முறுக்கிய மீசையிலேயே நின்றது கோட்டைச்சாமியின் கை.