நாலாவது சைலன்சர்

“இதுவும் வேணாம் அங்கிள். வேற மாட்டுங்க.”

இது மூன்றாவது சைலன்சர். சூட்டோடு கழற்றியதில் என் கட்டைவிரல் வெந்துவிட்டது.

வேறு ஆளாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். இவன் ஹெர்பர்ட்டின் மகன்.

பழைய புல்லட் ஒன்றை எலும்பு வரை கழற்றி, டாங்கை மாற்றி, ஹேண்டில்பாரை மாற்றி, சீட்டைக் குறுக்கி, தன் இஷ்டத்துக்குக் கட்டியிருந்தான் எட்வின். சைலன்சர் மட்டும்தான் பாக்கி. லிங்கராஜபுரத்தில் சைலன்சர் கடைக்கா பஞ்சம்? நேராக என் கடைக்கே வந்து நிற்கிறான்.

“அப்பாதான் உங்ககிட்ட போகச் சொன்னாரு. இந்த வேலைக்கு அர்ஜுனன விட்டா ஆள் இல்லன்னாரு.”

சொன்னாராம்! பதினோரு வருஷம் கழித்து.

அப்போது என் வீடும் ஹெர்பர்ட் வீடும் எதிரெதிர். ஒரு நாள் காலை என் மனைவி ஜெயலக்ஷ்மி அடுப்படியில் சரிந்து விழுந்தாள். வாய் கோணிவிட்டது. ஆட்டோ பிடித்து வர ஆள் தேடித் தெருவுக்கு ஓடினேன். பத்தடி முன்னால் ஹெர்பர்ட், ஃபாக்டரிக்குப் போக வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறான்.

“ஹெர்பர்ட்டு! டேய் ஹெர்பர்ட்டு!”

நாலு முறை கத்தினேன். பக்கத்துத் தெருவில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அவன் திரும்பவே இல்லை. முனையில் வண்டியை உதைத்து ஏறிப் போயே போய்விட்டான்.

ஆட்டோ கிடைக்க அரை மணி ஆனது. ஜெயலக்ஷ்மியின் வலது கை அதோடு போனது.

மறுநாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான், இந்த எட்வினையும் கூட்டிக்கொண்டு. பையன் அப்போது ஏழாவது படித்தான். வார்டு வாசலிலேயே இருவரையும் திருப்பி அனுப்பினேன். ஏன் என்று சொல்லவில்லை. செய்தவனுக்குத் தெரியாதா? அடுத்த மாதமே வீட்டையும் மாற்றிவிட்டேன்.

“அங்கிள், அந்தக் குட்டையா இருக்கிறத மாட்டிப் பாக்கலாமா?”

மாட்டினேன். மாட்டியதும் அவன் பண்ணியதைப் பார்த்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் மூன்றுக்கும் அதையேதான் பண்ணினான். பாக்கெட்டிலிருந்து பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் திணித்தான். அதன் மேல் உள்ளங்கைகளை வைத்து அழுத்திக்கொண்டு எட்டடி தள்ளிப் போய் நின்றான்.

“ஸ்டார்ட் பண்ணுங்க!”

உதைத்தேன். ஷட்டர் அதிர்ந்தது. அடி வயிற்றில் யாரோ குத்துவது மாதிரி ஒரு சத்தம்.

எதிரில் பூக்கட்டும் சந்திரம்மா எழுந்து நின்று, கன்னடம் கலந்து கத்தினாள். “அர்ஜுனண்ணா, ஸ்வல்ப மெல்ல! நான் கட்டுற பூவெல்லாம் தானா உதிருது!”

எட்வின் முகமெல்லாம் சிரிப்பு. “இதுதான் அங்கிள்! இதையே இறுக்கிடுங்க.”

என்ஜினை அணைத்தேன். பதினோரு வருஷத்துக் கோபமும் நாக்குக்கு வந்துவிட்டது.

“ஏண்டா, உன் காதுக்கு மட்டும் பஞ்சு, ஊரான் காது என்ன ஓசியா? உங்க குடும்பமே இப்படித்தான். எவன் செத்தாலும் திரும்பிப் பாக்க மாட்டீங்க!”

அவன் பஞ்சை எடுத்தான். “என்ன அங்கிள் சொன்னீங்க?”

“பஞ்சு எதுக்குன்னு கேட்டேன்!”

“அப்பாவுக்காக அங்கிள்.”

“உங்கப்பனுக்கு எதுக்குப் பஞ்சு?”

“அவருக்குக் காது கேக்காதுல்ல. இப்படி அடைச்சுக்கிட்டா, அவருக்கு எவ்வளவு கேக்கும்னு கொஞ்சம் தெரியும். இவ்வளவு அடைச்சும் எனக்கு இந்த சைலன்சர் கேட்டுச்சு. அப்ப அவருக்கும் கேக்கும்.”

அவனே சொல்லிக்கொண்டு போனான்.

“இது அவரோட வண்டிதான் அங்கிள். அடையாளம் தெரியலையா? பின்னாடி வர்ற ஹார்ன் கேக்கலன்னு அம்மா சாவியைப் பிடுங்கி வெச்சுட்டாங்க. நான் ஓட்டுறேன், நீங்க பின்னாடி உக்காருங்கன்னு சொன்னா, ‘சத்தம் கேக்காத புல்லட்டுல உக்காந்தா என்ன, நாற்காலியில உக்காந்தா என்ன’ன்னுட்டாரு.”

“எப்ப இருந்துடா இது?”

“நான் ஆறாவது படிக்கிறப்பவே. ஃபாக்டரியில தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்ல, அந்த இரும்புச் சத்தத்துலயே இருபது வருஷம் நின்னவரு. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்னு யார்கிட்டயும் மூச்சு விடல. எதிர்ல நின்னு பேசினா உதட்டைப் பாத்து சமாளிச்சுடுவாரு. முதுகுக்குப் பின்னாடி நின்னு கத்தினாலும் தெரியாது.”

ஆறாவது. ஆஸ்பத்திரிக்கு வந்தபோது ஏழாவது.

“இன்னிக்கும் கேப்பாரு அங்கிள். ‘அர்ஜுனன் ஏன் எங்கூட பேசறதில்ல, நான் என்னடா பண்ணேன்’னு. எனக்கும் தெரியல.”

கிளாம்ப்பை இறுக்கினேன். ஸ்பேனர் இரண்டு முறை நழுவியது. ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு வந்து, அந்தக் குறுக்கின சீட்டில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

“எங்க அங்கிள்?”

“உங்க வீட்டுக்குத்தான். எடுடா வண்டிய.”

“அப்பாவப் பாக்கவா?”

“திட்டறதுக்கு. ஏண்டா எங்கிட்டகூட சொல்லலன்னு நாலு வார்த்தை கேக்கணும்.” அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். “இந்தத் தடவை முன்னாடி போய் நின்னு கூப்பிடுறேன்.”