அத்தை வீட்டுக் கீரை

"உன் பொண்ணை இங்க விட முடியாது. நான் வெச்சுக்க மாட்டேன்."

'வா' என்று சொன்ன வாய் மூடுவதற்குள் அக்கா மேவிஸ் இப்படிச் சொல்லிவிட்டாள். கபாசோவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

பதினாறு வருஷம் கழித்துப் பிறந்த ஊருக்கு வந்திருக்கிறான். மனைவி செத்துப் போய் மூணு மாசம். லாரியை எடுத்தால் தார்-எஸ்-சலாம் போய்த் திரும்ப இருபது நாள் ஆகும். நாலு வயசு தெம்வாவை லுசாகாவில் யாரிடம் விடுவது? தாயில்லாப் பிள்ளை சொந்தக்காரர் வீட்டில் வளர்வதுதான் அவர்கள் வழக்கம். அவனையே வளர்த்தது இந்த அக்காதான்.

ஊர் மாறிப்போனதை வரும்போதே பார்த்துக்கொண்டுதான் வந்தான். ஷிஃப்ட் முடிந்தால் ஆயிரம் பேரைக் கொட்டுகிற சுரங்க வாசலில் இப்போது ஆடு மேய்கிறது. தொழிலாளர் கிளப்புக்குக் கூரை இல்லை. கூரை போனால் போகட்டும், மனசுமா போகணும்?

"ஒரு பிடி களிக்கா யோசிக்கறே? அந்தக் காலத்துல இந்த வீட்டுப் பானையில எத்தனை பேர் சாப்பிட்டோம்க்கா!"

"அந்தக் காலம் வேற."

கடையிலிருந்து பன்னும் சோடாவும் வாங்கி வந்து வைத்தாள். தம்பிக்கு விருந்து! வேலியோரம் கீரை தளதளவென்று நிற்கிறது. வாசலில் கட்டுக் கட்டாகக் கூடை நிறைய இருக்கிறது.

"இதுல ஒரு கட்டைப் பிரிச்சு வதக்கக் கூடாதா?"

"அது விக்கறதுக்கு" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

அதற்குள் தெம்வா கீழே இறங்கி மண்ணை அளைய ஆரம்பித்திருந்தாள். மேவிஸ் பாய்ந்து போய்க் கையில் ஒன்று போட்டாள். தரதரவென்று இழுத்துப் போய் சோப்புப் போட்டு மூணு தடவை தேய்த்தாள். குழந்தை வீறிட்டது.

"தூக்கி வெச்சுக்கடா! கீழே விடாதே!"

"ஏன், என் பொண்ணு உட்கார்ந்தா உன் வாசல் தேஞ்சிடுமா?"

சுவரோரம் மேவிஸின் கடைசி மகள் சோலா உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வயசு. தாய்மாமன் வந்தால் பொம்பளைப் பிள்ளை முட்டி போட்டுக் கைதட்டி வணங்க வேண்டாமோ? இது வாயைத் திறந்தபடி வெறுமனே சிரித்தது. பிள்ளை வளர்த்த லட்சணம் என்று முணுமுணுத்துக்கொண்டு, மகளைத் தோளில் போட்டு வெளியேறினான் கபாசோ.

பெரியப்பா மகன் கசோண்டேயின் வீடு ரெண்டு தெரு தள்ளி. சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி மலையாய் வளர்ந்த கறுப்பு மேட்டின் அடிவாரத்தில்.

"அடேய்! இதுக்காகவா அவகிட்டப் போய் நின்னே? என் வீட்டுல ஆறு உருளுது. ஏழாவதா இதுவும் உருளட்டும்!"

சுடச்சுடக் களி வந்தது, கொல்லைக் கீரையும் வந்தது. பிள்ளைகள் மேட்டில் ஏறி, சாக்குப் பையில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டிருந்தன. தெம்வாவும் சறுக்கினாள். தலை முதல் கால் வரை புழுதி. அம்மா போனபின் இன்றைக்குத்தான் சிரிக்கிறாள். கபாசோவுக்குக் கண் கலங்கிவிட்டது. மனுஷன்னா இவன் மனுஷன்!

மகளை விட்டுவிட்டு லுசாகா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தான்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!"

மேவிஸ் தலைவிரிகோலமாய் ஓடி வந்தாள். முதுகில் துணியால் கட்டிய தெம்வா. அவிழ்த்து, அழுகிற குழந்தையை ஜன்னல் வழியாக அவன் மடியில் திணித்தாள்.

"கூட்டிட்டுப் போ. லாரியில வெச்சுக்கோ, அநாதை விடுதியில விடு, என்ன வேணா பண்ணு. இங்க வேணாம்."

"நீயும் வெச்சுக்க மாட்டே, வெச்சுக்கறவனையும் விட மாட்டியா? நீயெல்லாம் ஒரு அக்காவா!"

"கல்நெஞ்சக்காரி!" என்றாள் பின் சீட்டுக் கிழவி. பஸ்ஸே உச்சுக் கொட்டியது.

மேவிஸ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, காதோடு பேசினாள்.

"சோலா நாலு வயசுல எப்படிப் பாட்டுப் பாடுவா தெரியுமா? அந்த மேட்டுலதான் விளையாடினா. இப்ப அவ பேரைக் கேட்டா அவளுக்கே தெரியாது. கிளினிக்குல ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. சுரங்கத்து ஈயமாம், பிள்ளைங்க மூளையைக் கெடுத்துடுமாம். மண்ணுல, புழுதியில, விளையற கீரையில எல்லாத்துலயும் இருக்காம். ஊரை விட்டுப் போங்கன்னாங்க. எங்கடா போவேன்? கசோண்டேகிட்டச் சொன்னேன், நாமெல்லாம் வளரலையான்னு சிரிச்சான்."

குழந்தையின் தலையிலிருந்த புழுதியைத் தட்டப் போன கபாசோ, கையைப் பாதியில் நிறுத்திவிட்டான். அவ்வளவு பேர் எதிரில் தான் வைத வசவெல்லாம் அவனுக்கே திரும்பி வந்தது.

"அக்கா... இதை ஏன் ரகசியமாச் சொல்றே? சத்தமாச் சொல்லு. உன்னைத் திட்டின இந்த ஜனங்களுக்கும் தெரியட்டும்."

"உஷ்!" அவன் வாயைப் பொத்தினாள் மேவிஸ். "உன் பிள்ளைக்காகச் சொன்னேன், அதோட விடு. லுசாகாவுல சந்தைக் கீரை மட்டும் வாங்காதே."

பஸ்ஸின் கூரைமேல், அவளுடைய கீரைக் கூடைகளைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான் கண்டக்டர்.